வேகாத பருப்பின் பாரம்பரியம்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. சாய்கிறவர்கள் சாய்ந்துகொள்ளுங்கள், கால் நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். எல்லோரும் சாப்பிட்டாயிற்றா? நல்லது. இந்தக் கதையைப் பசியோடு கேட்கக் கூடாது, பல்வலியோடும் கேட்கக் கூடாது. கடல் தாண்டிப் போய் நம் சமையலை ஊராருக்குக் கற்றுக்கொடுத்த ஒரு மகானின் கதையைச் சொல்லப்போகிறேன். மகான் என்று சொல்லும்போது என் உதடு எந்தப் பக்கம் கோணுகிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அந்த மனிதருக்குப் பெயர் ஒன்று இருந்தது. அது அவருடைய கல்யாணப் பத்திரிகையில் இருந்தது. மற்ற இடத்திலெல்லாம் அவர் 'தெரியும்சார்'தான். ஆபீசில் வைத்த பெயர். யாராவது எதையாவது சொல்லத் தொடங்கினால், கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டி, "தெரியும்" என்பார். பாதி வாக்கியத்தில் நிற்கிற ஆள் வாயைத் திறந்தபடியே திரும்பிப் போக வேண்டியதுதான். "சார், மாடிப்படி இப்பத்தான் கழுவி..." என்று கடைநிலை ஊழியர் ஒருவர் சொல்ல வந்தபோதும் "தெரியும்" என்றார். அடுத்த நிமிஷம் அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார், மேல்படியிலிருந்து. விழுந்ததும் அவர் சொன்னது என்ன? "இப்படித்தான் ஆகும்னு தெரியும்." குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி.

இப்படிப்பட்டவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அது சாப்பாடா? விசாரணை. சோற்றை விரலால் நசுக்கிப் பார்ப்பார். சாம்பாரை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, முகத்தைக் கூரைக்குத் தூக்கி, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்பார். மறுநாள் ஒரு கல்லு கூட. அதற்கு மறுநாள் உப்பு சரி, பெருங்காயம்தான் மணக்கவில்லை. "நம்ம பாரம்பரியச் சமையல்ங்கிறது ஒரு விஞ்ஞானம். அந்தக் கைமணம் எல்லாருக்கும் வராது" என்று ஏப்பத்தோடு முடிப்பார். இத்தனையும் சொல்கிற மனிதருக்கு அடுப்படியில் தீப்பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரியாது. தண்ணீர் வேண்டுமானால்கூடக் கூடத்திலிருந்தே இருமுவார்.

வீட்டம்மாவுக்கு உதட்டின் இடது ஓரம் மட்டும் ஒரு நூல் மேலே போகும். அது சிரிப்பில்லை. என்ன என்று அவர் கேட்டதுமில்லை; தெரியும் என்று நினைத்திருப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் இருவரையும் கூப்பிட்டாள். வீட்டம்மாவின் தங்கைக்கு முழங்காலில் ஆபரேஷன். கூட இருந்து பார்த்துவிட்டுப் பிறகு வருவதாக அவள் சொல்ல, இவர் மட்டும் முதலில் போனார். போனவர் சும்மா இருந்தாரா? மருமகப்பிள்ளைக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், பின்சீட்டிலிருந்து. மகளுக்கு வாஷிங் மெஷின் போடக் கற்றுக்கொடுத்தார். டிவியில் வானிலை சொல்கிற பெண்ணுக்கு, அவள் காதில் விழாது என்று தெரிந்தும், மழையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வாரத்தில் மருமகப்பிள்ளை ஆபீசிலிருந்து வீட்டுக்கு வருகிற நேரம் தள்ளிக்கொண்டே போனது.

ஒரு நாள் காலை மகள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, அடுத்த தெருவுல ஒரு கூடம் இருக்கு. தனியா இருக்கிறவங்க, வேலை இல்லாதவங்க, வயசானவங்க எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு இலவசமா போடறாங்க. தன்னார்வலரா ஆள் வேணுமாம். பேசிட்டேன். நாளையிலேருந்து போறீங்க."

"நான் எவ்வளவு பெரிய உத்தியோகம் பாத்தவன்னு..."

"தெரியும்ப்பா" என்றாள் மகள், உள்ளங்கையைக் காட்டி. அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

அந்தக் கூடம் நீளமாக, தாழ்ந்த கூரையோடு இருந்தது. வாசலில் கோட்டு மாட்டும் கொக்கிகள். நடுவில் வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், யார் யாரோ தானமாகக் கொடுத்தவை. கடைசியில் எஃகு மேடை போட்ட சமையலறை, இரண்டு பெரிய அடுப்பு, இடுப்பளவுக்கு ஒரு பாத்திரம் கழுவும் தொட்டி. எங்கும் சோப்புத்தூள் வாசனை. அங்கே பொறுப்பில் இருந்த அம்மாள் கழுத்தில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். நாம் அவளைச் சாவியம்மா என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் பேசியது வேறு பாஷை. இவருக்கு அது ஆபீசில் பழகிய அளவுக்கு வரும். நான் நம் பாஷையிலேயே சொல்கிறேன். நமக்கும் சுலபம், அவர்களுக்கும் ஒன்றும் குறைந்துபோகாது.

சாவியம்மா இவருக்கு ஒரு மேலங்கியும் தலைமுடி விழாமல் இருக்க ஒரு வலைத் தொப்பியும் கொடுத்தாள்.

"எனக்குத் தலையில முடியே இல்லையே" என்றார்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள் சாவியம்மா. முடியில்லாத மண்டையில் வலையை மாட்டிக்கொண்டு, கையில் ஈரத்துணியோடு மேசை துடைக்க நின்றார் தெரியும்சார். அந்தக் கோலத்தை மகள் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினாள். அங்கே ஒரு உதட்டோரம் மேலே போயிருக்கும்.

அங்கே போட்ட சாப்பாட்டைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது. வெந்த கிழங்கு, வெந்த கோஸ், அந்த இரண்டோடும் சேர்ந்து வெந்து தன் பெயரை மறந்துபோன இன்னொன்று. உப்பு என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்ற சேதி அந்தப் பாத்திரத்துக்கு இன்னும் எட்டவில்லை. குறை சொல்ல இவ்வளவு பெரிய மைதானம் அவருக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. மேசை துடைத்தபடியே பிரசங்கத்தை ஆரம்பித்தார். அறுசுவை என்றார். எந்தச் சுவை எந்த உறுப்புக்குப் போகும் என்றார். வாதம், பித்தம், கபம் என்றார். "எங்க சமையலறை ஒரு மருந்துக்கடை" என்றார். கேட்டவர்கள் கண்கள் விரிந்தன. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவர்களுக்கும் கொஞ்சம் புத்தி வேண்டாமா?

ஒரே ஒருவர் மட்டும் கண்ணை விரிக்கவில்லை. தொட்டியில் பாத்திரம் கழுவுகிற பெரியவர். ஓய்வு பெற்ற பல் டாக்டர். ஆயுசு முழுக்கத் திறந்த வாய்களைப் பார்த்தவர் அல்லவா, ஒரு வாயைப் பார்த்தவுடன் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். அவர் கேட்டார்: "இவ்வளவு சொல்றீங்களே, வீட்டுல நீங்கதான் சமையலா?"

"சமைக்கிறது வேற, சமையல் தெரியறது வேற" என்றார் இவர்.

"ஓ" என்றார் பல் டாக்டர். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினார்.

ஆனால் சாவியம்மா விடுவாளா? "இவ்வளவு பெரிய கலை உங்க கையில இருக்கு, நாங்க உங்களை மேசை துடைக்க வெச்சிருக்கோமே. வர்ற புதன்கிழமை நீங்களே சமைக்கணும். சாம்பார் செய்யத் தெரியும்தானே?"

நுணல் கதை கேட்டிருப்பீர்கள். அது வாயைத் திறந்து கெட்டது. இவர் கையையும் தூக்கினார். "தெரியும்."

மறுநாள் வாசல் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டார்கள்: 'பாரம்பரிய இந்தியச் சமையல்'. கீழே கிண்ணம் ஒன்றிலிருந்து ஆவி வருகிற மாதிரிப் படம். தெரியும்சார் அதை இரண்டு தரம் படித்தார். முடியாது என்று சொல்லலாம்தான். சொன்னால் என்ன ஆகும்? மறுபடி ஈரத்துணி. அதைவிடப் பெரிய கேடு, அந்தப் பல் டாக்டர் இன்னொரு முறை "ஓ" என்பார்.

வீட்டுக்குப் போய், மறுநாள் காலை மகள் குளிக்கிற நேரம் பார்த்து, மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏங்க, உடம்பு நல்லாத்தானே இருக்கு? இந்த நேரத்துல கூப்பிடறீங்க."

"உடம்புக்கென்ன. இங்க பாரு, நீ சாம்பார் வைக்கிறியே, அதை எப்படி வைக்கிறேன்னு வரிசையாச் சொல்லு பாப்போம். சும்மாதான். உன் முறை சரியா இருக்கான்னு பாக்கணும்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"என்ன, இருக்கியா?"

"இருக்கேன். நிக்கிறதா உக்கார்றதான்னு யோசிச்சேன். சரி, கேளுங்க. பருப்பைக் கழுவி, மஞ்சத்தூள் போட்டு, மொதல்ல அது மட்டும் தனியா குழைய வேகணும். நல்லா மலர்ந்து மசிஞ்ச அப்புறம்தான்..."

"தெரியும் தெரியும்."

"என்ன தெரியும்? அப்புறம்தான் என்னன்னு சொல்லி முடிக்கல நான்."

"இதெல்லாம் ஒரு விஷயமா? நான் சரிபார்க்கத்தான் கேட்டேன். உன் தங்கச்சியை நடக்கச் சொல்லு." போனை வைத்துவிட்டார்.

குளித்துவிட்டு வந்த மகள், "நான் வேணா புதன்கிழமை லீவு போட்டு வரவாப்பா?" என்று கேட்டாள். "நீ பொறந்ததுலேருந்துதானே சாம்பார் சாப்பிடற? நான் உனக்கும் முன்னாடியிலேருந்து சாப்பிடறேன்" என்றார். அவள் அலமாரியிலிருந்து துவரம்பருப்பு, புளி, பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

புதன்கிழமை வந்தது. தெரியும்சார் வலைத் தொப்பியோடு அடுப்பின் முன் நின்றார். சோறு வைப்பதைப் பல் டாக்டர் எடுத்துக்கொண்டார். அரிசிப் பையின் முதுகில் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்து அதன்படி செய்தார். இவர் பெரிய அண்டாவில் தண்ணீர் ஊற்றினார். பருப்பைக் கொட்டினார். புளியைக் கரைத்து, பெரிய சொம்பு நிறைய, கெட்டியாக ஊற்றினார். காய் எல்லாவற்றையும் போட்டார். உப்பு, பொடி, பெருங்காயம். எல்லாம் ஒரே அண்டாவில், ஒரே மூச்சில். 'என்னத்துக்கு இந்தப் பொம்பளைங்க இதுக்குக் காலையெல்லாம் எடுத்துக்கறாங்க' என்று நினைத்துக்கொண்டு கையைத் துடைத்தார்.

சிரிக்காதீர்கள். இருங்கள். உங்களில் அடுப்படிப் பக்கம் போனவர்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். புளி முந்திக்கொண்டால் பருப்பு வேகுமா? விறகு தீர்ந்தாலும் வேகாது, காஸ் தீர்ந்தாலும் வேகாது. வாயில்லாத பருப்புக்குக்கூட ரோஷம் உண்டு.

கொதித்தது. நன்றாகத்தான் கொதித்தது. வாசனை வந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கைத் தூக்கினார்கள். ஆனால் கரண்டியை விட்டுக் கிளறினால் அண்டாவின் அடியில் 'சரசர' என்று கூழாங்கல் புரள்கிற சத்தம். தீயைக் கூட்டினார். தண்ணீர் ஊற்றினார். மூடி வைத்தார், திறந்தார், கரண்டியால் ஓங்கிக் குத்தினார். பருப்பு விலகிக்கொண்டது, நசுங்கவில்லை. ஒன்றை எடுத்து வாயில் போட்டார். 'களுக்'.

வெளியே மேசைகள் நிறைந்துவிட்டன. சாவியம்மா எட்டிப் பார்த்தாள். "ஆயிடுச்சா?"

"ஆயிட்டே இருக்கு."

"ரொம்ப நேரமா ஆயிட்டே இருக்கே" என்றார் தொட்டிப் பக்கத்திலிருந்து பல் டாக்டர்.

மகானின் முதுகில் வியர்வை ஓடியது. போன் சட்டைப்பையில்தான் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தி, "பருப்பு வேகலை, என்ன பண்றது?" என்று கேட்டால் போதும். கையும் பைக்குள் போனது. அப்போதுதான் அவருக்கு அந்த உதட்டோரம் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷமாகப் பார்த்தும் பார்க்காத அந்த ஓரம், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நூல் மேலே போகிறது. கை வெறுமனே வெளியே வந்தது.

அவர் அண்டாவைத் தூக்கிவரச் சொன்னார். கூடத்தின் நடுவில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எங்க பாரம்பரியத்துல பருப்பை வேகவிட மாட்டோம். வெந்தா சத்து போயிடும். பல்லால கடிச்சு, மெல்ல மெல்ல அரைக்கணும். வாயே அம்மி, பல்லே குழவி. சாப்பிடும்போது பேசவும் கூடாது. எவ்வளவு நேரம் மெல்றீங்களோ அவ்வளவு ஆயுசு."

சொல்லி முடித்ததும் அவருக்கே அது நம்பத்தகுந்ததாகப் பட்டது. பொய்யன் கெட்டுப்போவது அந்த இடத்தில்தான்.

பிறகு அந்தக் கூடத்தில் கேட்ட சத்தம் இருக்கிறதே, மாட்டுத் தொழுவத்தில் வைக்கோல் போட்ட நேரம்தான். களுக் களுக் என்று நாலு பக்கமும். யாரும் பேசவில்லை. பாவம், பசித்து வந்த ஜனங்கள், கையில் கிடைத்ததை மரியாதையாக மென்றார்கள். ஜன்னலோரக் கிழவர் ஒருவர் தன் செயற்கைப் பல்வரிசையைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். கடைசியில் சாவியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாடை வலித்த கண்ணீர். அவள் பக்தி என்று நினைத்தாள். "இவ்வளவு நாள் நாம சாப்பிடலை, விழுங்கிட்டு இருந்தோம்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு அம்மாள் தன் மூட்டுவலி இப்போதே குறைந்த மாதிரி இருக்கிறது என்றாள். இந்த மாதிரி அம்மாள் எல்லா ஊரிலும் ஒருத்தி இருக்கிறாள்.

பல் டாக்டர் மட்டும் கன்னத்தைப் பிடித்தபடி வந்து கை கொடுத்தார். "பிரமாதம். நான் மறுபடி கடை திறந்துடலாம்."

அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் அதே சாம்பார். எப்படித் தவறு நடந்தது என்று அவருக்குத் தெரியாததால், அதே தவறைத் துளி மாறாமல் செய்ய அவரால் முடிந்தது. வெளியூர்களிலிருந்தெல்லாம் சிலர் பார்க்க வந்தார்கள். பாய் விரித்து, முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி மென்றார்கள். "வயிற்றுக்குள்ள என்னமோ விழிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொன்னார். விழித்துக்கொண்டதுதான், ராத்திரி முழுக்க. பாரம்பரியம் என்று சொல்லிவிட்டால் போதும், ஜல்லியைக் கொட்டினாலும் சிலர் தட்டை நீட்டுவார்கள்.

இதில் மகானுக்கு ஒரு சங்கடம். சமைத்த குருதான் முதல் தட்டு சாப்பிட வேண்டும் என்று சாவியம்மா பிரியமாக ஒரு ஏற்பாடு செய்துவிட்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் முகம் மாறாமல் தட்டு காலியாகிற வரை மெல்ல வேண்டும். வலது பக்கக் கடைவாய்ப்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. வீட்டில் மகளிடம் கஞ்சி கேட்டுக் குடித்தார்.

இந்த நிலைமையில், தங்கைக்கு முழங்கால் சரியாகி, வீட்டம்மா வந்து இறங்கினாள்.

வந்த மறுநாள் மகள் வீட்டு அடுப்பில் சாம்பார் வைத்தாள். தெரியும்சார் பிசைந்து ஒரு வாய் வைத்தார். பருப்பு நாக்கில் பட்டதும் கரைந்தது. அவர் கண்ணை மூடினார். ஆனால் முகத்தைக் கூரைக்குத் தூக்கவில்லை. தலையைக் குனிந்தபடியே மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டு எழுந்து போய்விட்டார்.

வீட்டம்மா காலித் தட்டைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "உங்கப்பாவுக்கு என்னடி ஆச்சு? உப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம எழுந்து போறாரு. டாக்டர்கிட்ட காட்டினியா?"

"அவரு இப்ப பெரிய குரும்மா. கூடத்துல சாம்பார் வைக்கிறாரு. ஊரே கொண்டாடுது. நான் இன்னும் சாப்பிட்டதில்ல, புதன்கிழமை எனக்கு ஆபீஸ்."

"யாரு, இவரா?"

"இவருதான்."

உதட்டோரம் மேலே போனது. இந்த முறை ஒரு நூல் இல்லை, இரண்டு.

அவர் தடுத்துப் பார்த்தார். "அங்கெல்லாம் நீ வராத. ஒரே குளிரு. போன வாரம் நாலு பேருக்குக் காய்ச்சல்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் சாவியம்மாவே வீட்டு மணியை அடித்துவிட்டாள், கையில் பூங்கொத்தோடு. குருவின் மனைவி வந்திருக்கிறாள் என்றால் சும்மா விடுவார்களா? இந்தப் புதன்கிழமை அவர்களே, குரு சொல்லிக்கொடுத்தபடி, தங்கள் கையால் அந்தப் பாரம்பரிய உணவைச் செய்து அவளுக்குப் பரிமாறப் போகிறார்களாம். வீட்டம்மா பூவை வாங்கிக்கொண்டு, "வர்றேன்னு சொல்லுடி" என்றாள் மகளிடம்.

புதன்கிழமைக்கு மிச்சமிருந்த இரண்டு நாளும் தெரியும்சார் தூங்கவில்லை என்றால் மிகையில்லை. பல் ஆடுவதை நாக்கால் தள்ளிக்கொண்டே கிடந்தார். அவருக்கு அந்தக் கூடத்தில்தான் முதல்முறையாக எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள். ஆபீசில் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்ததுகூட அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை. இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வலைத் தொப்பியும் ஈரத்துணியும்தான் மிச்சம்.

புதன்கிழமை கூடம் நிரம்பியிருந்தது. மகள் லீவு போட்டு வந்து அம்மாவுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தாள், மறுபக்கம் குரு. சாவியம்மா இரண்டு கையாலும் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். நூறு கண்கள் வீட்டம்மாவின் விரல்களைப் பார்த்தன.

அவள் ஒரே ஒரு பருப்பை எடுத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள். அது வழுக்கிப் பறந்து, எதிரே இருந்த தண்ணீர்க் குவளையில் 'டிங்' என்று மோதி விழுந்தது.

அவ்வளவுதான். சமைத்தவளுக்கு அந்த ஒரு சத்தம் போதாதா? போனில் தான் நிறுத்தின இடம், இவர் போனை வைத்த இடம், அண்டாவில் புளி விழுந்த இடம், மூன்றும் ஒரே இடம் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

சாவியம்மா ஆவலாகக் கேட்டாள். மகள் சொன்னாள்: "அம்மா, நம்ம வீட்டுலயும் இப்படித்தானே செய்வோம்னு கேக்கறாங்க."

தெரியும்சார் தட்டைப் பார்த்தபடி, உதடு அசையாமல், நம் பாஷையில் முணுமுணுத்தார். "ஆமான்னு சொல்லு. மானத்தை வாங்கிடாத."

வீட்டம்மாவும் தட்டைப் பார்த்தபடியே பேசினாள். "சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்குப் போன்ல, பருப்பு மசிஞ்ச அப்புறம்தான்னு நிறுத்தினேனே. அப்புறம்தான் என்ன? தெரியாதுன்னு சொன்னாலும் போதும். இப்பவே இதை நான் சரிபண்ணிடறேன், யாருக்கும் தெரியாம."

பாருங்கள், என் கண்ணுகளா. கதவைத் திறந்து, விளக்கைப் பிடித்து, வாங்க என்று சொல்லிவிட்டாள். ஒரு வார்த்தைதான். அவருக்கும் அது வந்தது. நெஞ்சிலிருந்து தொண்டைக்கு வந்தது, தொண்டையிலிருந்து ஆடுகிற பல் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து, தொட்டிப் பக்கத்திலிருந்து பல் டாக்டர் இவர்களையே பார்த்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. கை தானாக மேலே போனது.

"எல்லாம் எனக்குத் தெரியும்."

"சரிங்க" என்றாள் வீட்டம்மா.

அவள் எழுந்து நின்றாள். கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக, மகள் மொழிபெயர்க்க இடம்விட்டு விட்டுச் சொன்னாள்.

"ரொம்ப சந்தோஷம். நீங்க செஞ்சது துளிகூடத் தப்பில்ல, இவரு செய்யற மாதிரியே இருக்கு. ஆனா இவரு உங்ககிட்ட ஒண்ணைச் சொல்லாம மறைச்சுட்டாரு. அடக்கம், வேற ஒண்ணுமில்ல. இது எல்லாரும் சாப்பிடற சாப்பாடு இல்லைங்க. இவரோட வேண்டுதல். வேகாத பருப்பை ஆயுசு முழுக்கச் சாப்பிடறேன்னு இவரு நேர்ந்துக்கிட்டாரு. மத்தவங்க சாப்பிட்டா வேண்டுதல் கெட்டுடும். அதனால இனிமே இவருக்கு மட்டும் ஒரு சின்னப் பாத்திரத்துல வெச்சா போதும். உங்களுக்கு நான் வேற செஞ்சு தர்றேன்."

மகள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமினாள். கூடமே எழுந்து நின்றுவிட்டது. சாவியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு பெரிய விரதத்தை எங்களோட பகிர்ந்துக்கிட்டீங்களே" என்று தழுதழுத்தாள். எல்லோருடைய தட்டிலும் இருந்ததை வழித்து, மரியாதையோடு, ஒரே கிண்ணமாக அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். பல் டாக்டர் ஓடிவந்து தன் தட்டில் இருந்ததையும் போட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அடுத்த புதன்கிழமை வீட்டம்மா சமைத்தாள். பருப்பு மலர்ந்து, மசிந்து, காய் முழுசாக நிற்க, கொத்தமல்லி மிதக்க, மணக்க மணக்க ஒரு சாம்பார். ஜனங்கள் சாப்பிட்டார்கள். சாவியம்மா பணிவாக வந்து சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பழைய பாரம்பரிய ருசி இதுல வரலை."

வீட்டம்மா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் அடுப்படிக் கண்ணாடி அதிர்ந்தது. பல் டாக்டர் மட்டும் மூன்றாவது தடவை தட்டை நீட்டினார்.

அதற்குப் பிறகு கூடத்திலும் சரி, மகள் வீட்டிலும் சரி, ஊர் திரும்பிய பிறகு சொந்த வீட்டிலும் சரி, அடுப்பில் இரண்டு பாத்திரம். பெரியது எல்லோருக்கும். சின்னது அவருக்கு, அதில் புளி முதலில் போகும். விருந்தாளி வந்தால் வேண்டுதல் கதையை வீட்டம்மா சொல்வாள், அவர்களும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தினமும் அவர் சாப்பிட உட்கார்ந்ததும், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஒரு நிமிஷம் நிற்பாள்.

"ஏங்க, பருப்பு நல்லா மசிஞ்ச அப்புறம்தான்..."

அங்கேயே நிறுத்திக் காத்திருப்பாள். பெரிய பாத்திரத்தின் மூடி அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். என்ன என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், திறந்துவிடுவாள்.

அவர் உள்ளங்கையைத் தூக்குவார்.

இன்னும் மென்றுகொண்டுதான் இருக்கிறார், என் செல்லங்களா. இந்நேரம் காதை வைத்துக் கேட்டால் களுக் என்று கேட்கும்.

சரி, நேரமாயிற்று, எழுந்திருங்கள். உங்கள் வீட்டு உலையில் பருப்பு பூவாக மலரட்டும். புளி தன் முறை வரும்வரை பொறுத்திருக்கட்டும். சொல்கிறவர்கள் சொல்லி முடிக்கவும், கேட்கிறவர்கள் கேட்டு முடிக்கவும் உங்கள் அடுப்படியில் எப்போதும் பொழுது இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பல்லும் பிள்ளைகளின் வயிறும் நன்றாக இருக்கட்டும். போய் நிம்மதியாகத் தூங்குங்கள்.